ரோஸ்லின் கொண்டுவந்த கல்

"இதுல டூப்பு எந்த எடம்னு மட்டும் சொல்லுங்க மேடம். அது போதும்."

ரோஸ்லின் கட்டைப்பையிலிருந்து கல்லைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். தாம்பாளம் அளவுக்கு வட்டமான கல். நத்தை ஓடுபோல உள்ளுக்குள் சுருண்டு சுருண்டு போயிருந்தது.

திருக்கனூர் பள்ளிக்கூடத்தில் அன்று முகாம். கல்மரத் துண்டு, ஃபாசில் என்று வீட்டில் எது வைத்திருந்தாலும் கொண்டுவரலாம். அசலா போலியா என்று கல்லூரி விரிவுரையாளர் அருள்மொழி பார்த்துச் சொல்வாள். மதியத்துக்குள் கூட்டம் கலைந்துவிட்டது. ரோஸ்லின் காலையிலேயே வந்தவள்தான். பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னே போகவிட்டு, கடைசி ஆளாக நின்றிருந்தாள்.

"எங்கேருந்து வர்றீங்கம்மா?"

"வில்லியனூருக்கு அந்தாண்ட. ரெண்டு பஸ்சு மாறி வந்தேன்."

"இவ்வளவு கனத்தைத் தனியாவா தூக்கிட்டு வந்தீங்க? வீட்ல வேற யாரும் இல்லையா?"

"நான் ஒருத்திதான் மேடம்."

அருள்மொழி லென்சைக் கண்ணருகே வைத்துக் குனிந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மலர்ந்தது.

"நல்ல செய்திம்மா! இது அம்மோனைட். கடல்ல வாழ்ந்த ஒரு உயிரோட ஓடு. கோடிக்கணக்கான வருஷமா மண்ணுக்குள்ள கிடந்து கல்லாயிருக்கு. இந்தக் கோட்டைப் பாருங்க, கீரை இலை ஓரம் மாதிரி எப்படி நெளியுது! இதை யாராலயும் கையால வரைய முடியாது. இந்தப் பக்கம் அசல்."

ரோஸ்லினின் முகம் வாடியது. "அப்போ இங்க இல்லியா?"

"அசல்னு சொன்னேம்மா."

"அது சரிங்க மேடம். அந்தாண்டப் பக்கம் பாருங்க."

அந்த அம்மாவுக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அருள்மொழி கல்லைத் திருப்பினாள். சின்னப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு அமிலம் விட்டாள். புசுபுசுவென்று நுரைத்தது.

"சுண்ணாம்புக்கல். இதுவும் அசல்தான்."

ரோஸ்லின் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "மொத்தமும் அசலா மேடம்?"

சந்தோஷத்தில் நம்ப முடியாமல் கேட்கிறாள் என்று அருள்மொழி நினைத்தாள். "உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்" என்றபடி கல்லின் வெளிச்சுற்றில் லென்சை நகர்த்தினாள். ஓர் இடத்தில் கை நின்றது.

"ஒரு நிமிஷம்..."

ரோஸ்லின் சட்டென்று எழுந்து வந்தாள்.

அந்த இடத்தில் கோடுகள் நெளியவில்லை. யாரோ கூரான எதையோ வைத்துக் கீறியதுபோல இருந்தன. அமிலம் விட்டாள். நுரைக்கவில்லை. காலையிலிருந்து நாலு பேரிடம் போலி என்று சொல்லி, நாலு முகம் சுருங்குவதைப் பார்த்தாயிற்று. இந்த அம்மாவிடமும் சொல்ல வேண்டுமா என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது. ஊசியை லைட்டரில் காட்டிச் சூடாக்கினாள்.

"ரொம்ப ஆழமா குத்தாதீங்க மேடம்."

"நுனி மட்டும்தாம்மா."

ஊசி மெல்ல உள்ளே இறங்கியது. பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது.

"மனசைத் தேத்திக்குங்கம்மா" என்றாள் அருள்மொழி. "இந்த இடம் கல்லே இல்லை. கார்ல ஒடுக்கு எடுத்துட்டுப் பூசுவாங்களே, அந்தப் பட்டி. உடைஞ்ச இடத்துல அதை வச்சு ரொப்பி, மேல கலர் அடிச்சிருக்காங்க. செஞ்ச ஆள் பெரிய கில்லாடி. கொஞ்சம் அசந்திருந்தா நானே ஏமாந்திருப்பேன்."

ரோஸ்லினின் கண்கள் நிறைந்துவிட்டன. "நெஜமாவா மேடம்? நல்லாத் தெரியுமா?"

"ஊசியே இறங்குதேம்மா."

"சரியா எங்கேருந்து எது வரைக்கும்? ஒரு கோடு போட்டுக் காட்டுங்களேன்."

அருள்மொழி சாக்பீஸால் சுற்றி வரைந்து காட்டினாள். ஓர் உள்ளங்கை அகலம் இருந்தது.

"யாரும்மா உங்களை இப்படி ஏமாத்துனது? சரி விடுங்க, கவலைப்படாதீங்க. இந்தப் பட்டியை மட்டும் சுரண்டி எடுத்துட்டா, மிச்சம் சுத்தமான அசல். எங்க காலேஜ் மியூசியத்துலயே உங்க பேரைப் போட்டு வைக்கலாம்."

சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்தாள். ரோஸ்லின் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, வேணாம் மேடம்! அது எங்க வூட்டுக்காரரு செஞ்சது."

அருள்மொழி கத்தியைக் கீழே வைத்தாள்.

"மூலக்குளத்துல டிங்கரிங் வேலை பாத்தாரு. ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய்ட்டு வரச்சே, ரோட்டோரம் ஒடைஞ்சு கெடந்த கல்ல எனக்காக எடுத்தாந்து சரி பண்ணாரு. எந்த எடம்னு நீயே கண்டுபுடின்னு சிரிச்சாரு. சொல்லாமயே பூட்டாரு. முப்பது வருசமா அவரு செஞ்ச கைவேலையெல்லாம் யார் யாரோ கார்ல ஊரச் சுத்திக்கினு இருக்குது மேடம். என்னாண்ட இருக்கிறது இது ஒண்ணுதான். எது வெறுங்கல்லு, எது அவரு கைன்னு தெரியாம, பத்து மாசமா மொத்தத்தையும் தடவிக்கினு கெடக்கிறேன்."

சொல்லிவிட்டு ரோஸ்லின், போலி என்று தீர்ப்பான அந்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.