எண்பத்தைந்துக்குக் கீழே

எடை பார்க்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்து பிளம்பர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

பெரிய பாட்டில். ஒரே மூச்சில் பாதி உள்ளே போயிருந்தது.

பக்கத்து நாற்காலியில் அவனுடைய அக்கா. அவள் கண் பாட்டிலின் மேலேயே இருந்தது. அவன் திரும்பியதும் சட்டென்று எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"குறையலன்னா விட்டுருடா," என்றாள். "பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்காத. மூஞ்சியே ஒட்டிப் போச்சு."

அவன் அதற்கு மேல் குடிக்கவில்லை. பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

வாரம் தவறாமல் வருகிற இடம்தான். எண்பத்தைந்து கிலோவுக்குக் கீழே வாங்க, அப்புறம் பேசுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றோடு டீயில் சர்க்கரை போனது. பன் போனது. இராச் சாப்பாடு பாதியானது. பக்கத்துத் தெரு வேலைக்குக்கூட வண்டி எடுக்கிறவன், ஊர்க்கோடி வரை நடந்தான். வெள்ளரிக்காய் நறுக்கியே அலுத்துப்போன மனைவி, "வீட்டுல ஆடு வளர்க்கிற மாதிரி இருக்கு" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

இவ்வளவு செய்தும் அந்த மெஷினைக் கண்டால் அவனுக்குப் பயம். கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுவான். நர்ஸ் எண்ணைச் சொன்ன பிறகுதான் மூச்சு விடுவான்.

போன வாரம் எண்பத்தெட்டு. அதற்கு முந்தைய வாரமும் அதேதான்.

"ஏறுங்க," என்றார் நர்ஸ்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்."

செருப்பைக் கழற்றினான். பிறகு, வேலைக்குப் போடும் பேன்ட்டின் பாக்கெட்டுக்குள் கையை விட்டான்.

ஸ்பேனர் வந்தது. மேஜைமேல் வைத்தான்.

பித்தளை வால்வு ஒன்று வந்தது. இன்னொன்று. தொடைப் பக்கத்துப் பாக்கெட்டிலிருந்து ஒரு கனத்த குழாய். முழங்கால் பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடி நட்டுகள். மேஜை சின்ன ஹார்டுவேர் கடைபோல் ஆகிவிட்டது.

நர்ஸ் பேனாவோடு காத்திருந்தார்.

ஏறினான். இந்த முறை கண்ணை மூடவில்லை.

எண்கள் தடுமாறி, எண்பத்து நான்கில் நின்றன.

அவனுக்கு அது புதிய செய்தி இல்லை.

ஒரு மாதத்துக்கு முன், வேலைக்குப் போன ஒரு வீட்டில் குளியலறைக் குழாயை மாற்றி முடித்துவிட்டு, மூலையில் கிடந்த எடை மெஷினில் விளையாட்டாக ஏறிப் பார்த்திருந்தான். எண்பத்தைந்துக்குக் கீழே காட்டியது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்னங்க, தண்ணி வருதா?" என்று வீட்டுக்காரர் கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தான்.

அந்த வாரத்திலிருந்துதான் பாக்கெட்டில் பித்தளை ஏறியது. போதாக்குறைக்கு வயிறு முட்டத் தண்ணீர்.

எண்பத்தைந்துக்குக் கீழே வந்தால் டாக்டர் பேசுவதாக இருந்தது ஆபரேஷன் தேதியைப் பற்றி.

அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீரை அளந்து குடிக்கிறாள். குடும்பத்தில் அவளுக்குப் பொருந்தியது தம்பியின் கிட்னி மட்டும். கேட்பதற்கு முன்னாலேயே, "நான் தர்றேன்க்கா" என்று சொன்னவனும் அவன்தான்.

அப்போது எண்பத்தைந்து வெகு தூரத்தில் இருந்தது. தைரியம் சுலபமாக வந்தது.

ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன். மயக்க மருந்து கொடுப்பார்கள், வயிற்றைக் கீறுவார்கள். கண் விழிக்காமலே போய்விட்டால்? பிள்ளைகள்? இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது, அக்காவிடமா?

நர்ஸிடம் சொன்னான். மெஷினிலிருந்து இறங்காமலே, தலையைக் குனிந்துகொண்டு, தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். திட்டு விழும் என்று காத்திருந்தான்.

நர்ஸ் எண்பத்து நான்கு என்று எழுதிக்கொண்டார்.

"தெரியும்," என்றார். "டாக்டருக்கும் தெரியும். நீங்க பாக்கெட்டுல கனத்தோட வந்த முதல் வாரமே உங்க அக்கா எங்களைப் பார்த்துச் சொல்லிட்டாங்க. அவனா எடுத்து வைக்கிற வரைக்கும் எதுவும் கேட்காதீங்க, எடுத்து வைக்கலன்னா அப்படியே விட்டுருங்கன்னு."

அவன் நிமிரவில்லை. கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்பவும் வேணாம்னு சொல்லலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. தேதி கேட்கட்டுமா?"

"பயமாத்தான் சிஸ்டர் இருக்கு," என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "கேளுங்க."

இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"குறைஞ்சிருச்சுக்கா. எண்பத்து நாலு."

"ஒரே வாரத்துலயா!" என்று வாயில் கைவைத்து ஆச்சரியப்பட்டாள் அக்கா.