கூடுதலாக வந்த பென்ஷன்

தாய்மாமன் தங்கையனுக்கு உதவி செய்வதில் தனக்கு இணை யாருமில்லை என்பது ரத்தினவேலின் எண்ணம். அதை மற்றவர்கள் சொல்லட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் தானே சொல்லிவிடுவான்.

தங்கையன் பட்டாளத்தில் இருந்தவர். பர்மா சண்டையில் தோளில் குண்டு பாய்ந்து வலது கை விளங்காமல் போய்விட்டது. கையைத் துணியில் மடித்துக் கழுத்தோடு கட்டியிருப்பார். இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட வேண்டியிருந்ததால் கல்யாணப் பந்திகளில் உட்காருவதே இல்லை. பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற வழியில் ஒற்றை அறை. மாதம் முப்பத்திரண்டு ரூபாய் ஊனப் பென்ஷன். அவ்வளவுதான் அவர் சொத்து.

ரத்தினவேலுக்குப் பாலக்கரையில் ஒரு நெல் மண்டியில் டைப் அடிக்கிற வேலை. வருஷா வருஷம் பஸ் ஏறிப் போய், மாமாவின் பென்ஷன் படிவத்தை நிரப்புவான். அவருடைய இடது பெருவிரலை மையில் உருட்டி ரேகை வைப்பான். ‘இவரது வலது கை செயலற்றது என்பதை நான் நேரில் அறிவேன்’ என்ற வரிக்குக் கீழே சாட்சிக் கையெழுத்தும் போடுவான். பதினோரு வருஷமாக இது தவறாமல் நடந்து வந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் அவனுக்கு ஒரு நியாயமான சந்தேகம் வந்தது. ஒண்டிக்கட்டைக்கு எதற்கு முப்பத்திரண்டு ரூபாய்? அவன் மனைவி பாப்பாயியோ ரேடியோப் பெட்டி வேண்டுமென்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மண்டி முதலாளி துறையூருக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவன் பென்ஷன் ஆபீஸ் எழுதுவதுபோல இங்கிலீஷில் ஒரு கடிதம் அடித்தான். பெரிய கடைவீதியில் செய்து வாங்கிய ரப்பர் முத்திரையை அதில் குத்தினான். மறுநாள் அதைத் தபாலில் வந்ததாகச் சொல்லி மாமாவிடம் எடுத்துப்போய், தமிழில் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினான். தங்கையனின் ஊனம் அவர் சொன்ன அளவுக்கு இல்லை என்று தெரியவந்திருக்கிறது. எண்ணூற்று நாற்பது ரூபாய் கூடுதலாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. மாதம் பதினைந்து ரூபாயாகத் திருப்பிக் கட்டாவிட்டால் வழக்கு.

தங்கையன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“யாரு சொன்னதுன்னு போட்டிருக்கா மாப்ள?”

பாவம், தன்மேல் கோள் சொன்னது யாரென்று தேடுகிறார் என ரத்தினவேல் நினைத்துக்கொண்டான். அப்படி எதுவும் போடவில்லை என்றான்.

“ஜெயில்ல வச்சிடுவாங்களா?”

“நான் எதுக்கு இருக்கேன்? மாசாமாசம் எங்கிட்ட கொடுங்க, நானே ஆபீஸ்ல கட்டிடறேன். நீங்க அந்தப் பக்கம் போகவே போகாதீங்க. போனா நோண்டி நோண்டிக் கேப்பாங்க.”

நோண்டிக் கேட்பார்கள் என்றதும் பெரியவரின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அந்த நிமிஷமே பதினைந்து ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது தவணையோடு பாலக்கரை வீட்டில், முன்பணம் கட்டி எடுத்த ரேடியோ பாடத் தொடங்கியது. ஸ்ரீரங்கத்தில் தங்கையன் சாயங்காலக் காப்பியை நிறுத்தினார். நாலாவது மாதம் ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தினார். அவர் இளைத்துப்போவதைப் பார்க்க ரத்தினவேலுக்கே மனசு கேட்கவில்லை. ஒருமுறை வாழைப்பழம்கூட வாங்கிப்போனான்.

அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏழு மாதத்துக்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. இன்னொரு கடிதம் தயாரானது. முந்நூறு ரூபாய் மொத்தமாகக் கட்ட வேண்டும். இல்லையென்றால் பட்டாளத்து டாக்டர் நேரில் வந்து கையைப் பரிசோதிப்பார்.

“டாக்டரா?” என்றார் தங்கையன். ஒரு வாரம் அவகாசம் மட்டும் கேட்டார். யாரிடமாவது கடன் வாங்கப் போகிறார் என்று எண்ணி, ரத்தினவேல் பெருந்தன்மையாகப் பத்து நாள் கொடுத்தான்.

எட்டாம் நாள் காலையில், பென்ஷன் அதிகாரி ஒருவர் சப்-இன்ஸ்பெக்டரோடு மண்டிக்குள் நுழைந்தார். அவனுடைய இரண்டு கடிதங்களையும், கூடவே ஒரு மனுவையும் மேஜைமேல் வைத்தார். பக்கத்திலிருந்த டைப்ரைட்டரில் ஒரு வரி அடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். இப்படிக் கடிதம் எதுவும் தங்கள் ஆபீஸ் அனுப்பவில்லை என்று அவர் சொன்னபோது, முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.

ரத்தினவேலுக்கு அப்போதும் மூளை வேலை செய்தது.

“யாருங்க மனு போட்டது?”

“உங்க மாமாதான். இந்தக் கடுதாசிகளையும் அவரேதான் வச்சு அனுப்பியிருக்காரு.”

“அது எப்படிங்க? அவருக்குக் கை விளங்காது, பேனாவே பிடிக்க முடியாது. யாரோ வேண்டாதவன் அவர் பேர்ல எழுதிப் போட்டிருக்கான்.”

“கை விளங்காதுன்னுதானே பதினோரு வருஷமா நீங்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க? அது தனிக் கேஸ்” என்ற சப்-இன்ஸ்பெக்டர், மனுவை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

நாலு பக்கம், முத்து முத்தான தமிழ் எழுத்து. நூற்றைந்து ரூபாயை இதுவரை மருமகன் மூலம் கட்டியாயிற்று, மீதியையும் தவணையில் கட்டச் சம்மதம், வயதை முன்னிட்டுத் தண்டனையைக் குறைக்க வேண்டும் என்றெல்லாம் பணிவாகக் கேட்டிருந்தது. ரத்தினவேல் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான்.

‘பட்டாளத்தை விட்டு வந்த மறு வருஷமே கை சரியாகிவிட்டது ஐயா, சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்பதால் இந்த நாலு பக்கத்தையும் வலது கையாலேயே எழுதியிருக்கிறேன்.’