வெளிர் சாம்பல் எழுத்து

"யார் இந்தப் பேப்பரை ஒட்டினது?"

கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையே திரும்பிப் பார்த்தது. பார்க்க முடிந்தவர்கள் பார்த்தார்கள். மற்றவர்கள் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்கள்.

கத்தியவர் டிசைனர். செல்போனிலும் தொடுதிரையிலும் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று யோசிப்பது அவர் தொழில். நோயாளிகள் தாங்களே பெயரைப் பதிந்துகொள்ள நான்கு மாதத்துக்கு முன் வாசலில் வைத்துவிட்டுப் போன தொடுதிரை அவர் பெறாமல் பெற்ற பிள்ளை. அந்தப் பிள்ளையின் முகத்தில் யாரோ ஒரு தாளை ஒட்டி, கறுப்பு மார்க்கரில் பட்டை பட்டையாக எழுதியிருந்தார்கள்: 'பேர் பதிய இங்கே தொடவும்.' கீழே ஓர் அம்புக்குறி வேறு.

"நான்தான் சார் ஒட்டினேன்" என்று எழுந்தார் ரிசப்ஷனிஸ்ட். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் 'அக்கா'.

"ஏன் மேடம்? அங்கேயே பட்டன் இருக்கே!"

"இருக்கு சார். எழுத்துதான் தெரியலைங்கறாங்க."

"தெரியாம இல்ல, மென்மையா இருக்கு. வெள்ளைல வெளிர் சாம்பல். உலகம் பூரா இப்ப அதான்."

"உலகம் பூரா இருக்கட்டும் சார். இங்க வர்றவங்க கண்ணு சரியில்லாதவங்க."

"அதெல்லாம் ஆராய்ச்சி பண்ணாமலா செஞ்சேன்? மூணு மாசம் உட்கார்ந்து 'மாதிரி மாமா'ன்னு ஒரு நோயாளியையே உருவாக்கினோம். வயசு அறுபத்திரண்டு. ரிட்டயர்டு வாத்தியார். தினமும் வாக்கிங் போவார். ரெண்டு பேத்தி. அவர் கண்ணால பார்த்துதான் ஒவ்வொரு பட்டனையும் வச்சேன்."

"அவரு இங்க வந்திருக்காரா சார்?"

"அவர் கற்பனை மேடம்!"

"அதான் அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் அக்கா.

பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள். டிசைனருக்குக் கோபம் தலைக்கேறியது. தாளைச் சர்ரென்று பிய்த்து, மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் அறையைப் பார்த்து நடந்தார்.

அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒப்பந்தம் அப்படி. நான்கு மாதச் சோதனையின் முடிவில், வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தாங்களே பதிந்துகொண்டால் திரைக்கு வெற்றி. மற்ற பதினோரு கிளைகளுக்கும் அவரே திரை வைப்பார். ரிசப்ஷன் மேஜை தேவையில்லை, அதன் பின்னால் உட்காரும் ஆளும் தேவையில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் இந்த அம்மாள் திரையைக் கெடுக்கிறாள் என்று முடிவு கட்டினார். அடுத்தவர் மனசைப் படிப்பதுதானே அவர் தொழில்? பத்தடி நடப்பதற்குள் படித்து முடித்துவிட்டார்.

"சார், உங்க ரிசப்ஷன்ல..."

"அதை அப்புறம் பேசலாம். முதல்ல இதைப் பாருங்க" என்று கம்ப்யூட்டரைத் திருப்பினார் மேனேஜர். பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே வீட்டுக்குப் போகிறவர் அவர். வரவேற்பறையில் நடப்பதெல்லாம் அவருக்குக் கணக்குப் புள்ளியாகத்தான் தெரியும்.

"முதல் மாசம் பத்துக்கு மூணு பேர்தான் தானா பதிஞ்சிருக்காங்க. கழட்டிட்டுப் போங்கன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். ரெண்டாவது மாசம் அஞ்சாம் தேதி பாருங்க, ஒரே தாவு! ஒன்பது பேர்! இன்னிவரைக்கும் இறங்கவே இல்ல. அன்னிக்கு அப்படி என்னதான் சார் பண்ணீங்க?"

டிசைனர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. 'மக்களின் கண்ணால் பாருங்கள்' என்று ஒரு மாநாட்டில் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

கையில் இருந்த தாளை மேஜைக்குக் கீழே வைத்து மெல்லப் பிரித்தார். எதை எழுதினாலும் மூலையில் தேதி போடுவது அக்காவின் வழக்கம். பொடி எழுத்தில் போட்டிருந்தார். அதே மாதம், அதே ஐந்தாம் தேதி.

டிசைனர் தாளைப் பழையபடி மடித்தார்.

"பட்டனோட நிழலைக் கொஞ்சம் குறைச்சோம் சார்."

"நிழலையா! அடேயப்பா! இதெல்லாம் எங்க மண்டைக்கு எங்க எட்டப்போகுது?"

பதினோரு கிளைகளுக்கும் கையெழுத்து ஆனது. மேனேஜர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "ரிசப்ஷன்ல என்னமோன்னு சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல சார். அவங்க ரொம்ப நல்லா ஒத்துழைச்சாங்க."

"அப்படியா? பாவம். ஒண்ணாம் தேதியிலிருந்து வரவேண்டாம்னு லெட்டர் ரெடி பண்ணிட்டேன்."

வெளியே வந்தால் திரைக்கு முன்னால் நீண்ட வரிசை. முன்னால் நின்ற அம்மா ஒரு கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரியின் சின்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் திரையைப் பார்த்து "ஹலோ... ஹலோ" என்றார். அக்கா மேஜையை விட்டு எழுந்து வந்து, ஒவ்வொருவர் விரலாகப் பிடித்துப் பட்டன்மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

விவரம் தெரியாமல் இந்த அம்மாள் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டாள், பாவம் என்று டிசைனர் நினைத்தார். அக்காவை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இந்தத் திரை தோத்துப்போயிருந்தா உங்க வேலை இருந்திருக்கும். இதை உங்ககிட்ட யாருமே சொல்லலையா?"

"யாரு சார் சொல்லணும்? அந்த ஒப்பந்தத்தை டைப் அடிச்சதே நான்தான்" என்று கையை நீட்டினார் அக்கா. "பேப்பரைக் குடுங்க சார், அந்தம்மா ரொம்ப நேரமா நிக்கறாங்க."