நான்காவது கேள்வி

நகத்தை அழுத்தி எடுத்தார்.

பிறை போல ஒரு பள்ளம் விழுந்தது.

எண்ணினார். ஏழு எண்ணுவதற்குள் பள்ளம் மேலே வந்து மறைந்துவிட்டது. நல்ல தோலுக்கே பத்து ஆகும்.

இது தோல் இல்லை. தோலைச் சீவும்போது உதிர்கிற, ரசாயனம் ஏறி நீலமான சீவலை அரைத்து, அழுத்தி, தகடாக்கியது. அவருடைய தோல் பதனிடும் ஷாப்பின் பின்புறம் அந்தச் சீவல் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. மழையில் கரைந்து எங்கே போகிறது என்று அவர் யாரையும் கேட்டதில்லை.

தகட்டை இரண்டாக மடித்தார். வெடிக்கவில்லை.

முகர்ந்தார். ஓரத்தைக் கிழித்துப் பார்த்தார். கிழியவில்லை.

குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இதைச் செய்தவளும் அனுப்புவதற்கு முன்னால் இந்த மூலையில் நகத்தை வைத்து அழுத்தியிருப்பாள். அவர் வீட்டில் பிறந்தவர்கள் வேறு மாதிரி சோதிப்பதில்லை.

நல்ல சரக்கு. தடம் எதுவும் இல்லை.

தகடோடு ஒரு கடிதம் வந்திருந்தது. ஊரிலுள்ள பதினொரு ஷாப்புக்கும் ஒரே கடிதம். ஒரு பல்கலைக்கழகமும் ஒரு செருப்புக் கம்பெனியும் சேர்ந்து கேட்கின்றன. சீவலைக் கொட்டாதீர்கள், எங்களுக்குக் கொடுங்கள். ஆய்வுத் தலைவர் வியாழக்கிழமை ஒவ்வொரு ஷாப்புக்கும் நேரில் வந்து மாதிரி எடுப்பார்.

கீழே ஆய்வுத் தலைவரின் கையெழுத்து.

இனிஷியல் மாறவில்லை. அது தகப்பனான அவருடைய பெயரின் முதல் எழுத்து.

அவளோடு பேசி ஆறு வருடம் ஆகிறது.

டாக்டர் பட்டத்துக்காக அவள் எழுதிய ஆய்வில் பதினொரு ஷாப்பின் கிணற்றுத் தண்ணீரும் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று இருந்தது. பத்துக் கிணறுகளுக்கு வெறும் எண். பதினொன்றாவது கிணற்றுக்கு அவருடைய தகப்பனாரின் பெயர். ஷாப்பின் பலகையில் இருக்கிற அதே பெயர். ஊரே படித்தது.

"அடுத்தவங்க பேரைப் போட எனக்கு உரிமை இல்ல, அத்தா. நம்ம பேரைத்தான் போட முடிஞ்சது," என்றாள் தகப்பனிடம்.

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும், ஒரே பையன் என்பார்.

பெருநாள் அன்று அவருடைய மனைவிக்கு அவளிடமிருந்து போன் வரும். காது சரியாகக் கேட்கவில்லை என்று மனைவி ஸ்பீக்கரில் போடுவார். மனைவிக்குக் காது நன்றாகக் கேட்கும். பக்கத்து அறையில் அவர் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார்.

பக்கம் புரளாது.

கடிதத்தின் பின்னால் இருந்த படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். முதல் கேள்வி முகவரி. இரண்டாவது, மாதத்துக்கு எவ்வளவு சீவல் விழுகிறது என்பது. குறைக்காமல் எழுதினார்.

மூன்றாவது: ஷாப்பின் பெயரை அறிக்கையில் வெளியிடலாமா, எண் போதுமா?

ஷாப் முதலாளிகள் சங்கச் செயலாளர் காலையிலேயே போன் செய்திருந்தார். எல்லாரும் எண்தான் போடுகிறோம், ராவுத்தரே.

எதிரே மேஸ்திரி சவரிமுத்து நின்றிருந்தான். முப்பது வருடமாக அங்கே நிற்கிறவன்.

"எண்ணே போட்டுருங்க, மொதலாளி."

"எண் போட நாம என்ன ஜெயில்லயா இருக்கோம்?"

தகப்பனாரின் பெயரை முழுதாக எழுதினார்.

நான்காவது கேள்வியில் பேனா நின்றது.

ஆய்வுக் குழுவில் எவரேனும் தங்களுக்கு இரத்த உறவா? ஆம். இல்லை. ஆம் எனில் உறவுமுறையை எழுதவும். அந்த ஆய்வாளர் தங்கள் ஷாப்புக்கு வரமாட்டார். தங்கள் மாதிரியைத் தொடமாட்டார். வேறொருவர் அனுப்பப்படுவார்.

சவரிமுத்து எட்டிப் பார்த்தான்.

"என்னங்க மொதலாளி, பொண்ணு பாக்க வர்றவங்களாட்டம் சொந்தம் விசாரிக்கிறாங்க."

அவர் சிரிக்கவில்லை.

"இல்லைன்னு போடுங்க. புள்ள வரும்." அவன் குரல் தாழ்ந்தது. "ஊரு பூராம் அப்படித்தான சொல்லிட்டுத் திரியிறீங்க. இங்கயும் ஒரு தடவ சொன்னா என்ன?"

வியாழக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்.

கேட் அருகே கார் நிற்கும். கண்ணாடி போட்டிருப்பாளோ என்னவோ. அவருடைய அம்மாவுக்கு முப்பத்தைந்திலேயே கண்ணாடி வந்தது. நாற்றத்துக்கு அவள் மூக்கைப் பொத்தமாட்டாள். குவியலின் மேலே இருப்பதை விட்டுவிட்டு, கையை உள்ளே விட்டு அடிச்சீவலை எடுப்பாள். எடுத்ததைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு நிமிர்வாள்.

சார், இங்கே ஒரு கையெழுத்து என்பாள்.

சார் என்றுதான் சொல்லியாக வேண்டும். இல்லை என்று போட்டவரை அவள் வேறெப்படிக் கூப்பிடுவாள்?

கூப்பிடட்டும். எப்படியாவது கூப்பிடட்டும்.

பேனா முனை 'இல்லை'யின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தது.

வெளியே சீவுகிற மிஷின் நின்றது. டீ நேரம். திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டது.

ஊரில் சொன்னது வாயோடு போயிற்று. இது காகிதம். இதன் கீழே தகப்பனாரின் பெயர் பொறித்த ரப்பர் ஸ்டாம்பு விழும். அந்த ஸ்டாம்பை அவர் பொய்க்கு மேல் குத்தியதில்லை.

'ஆம்' என்பதில் டிக் அடித்தார்.

உறவுமுறை என்ற இடத்தில் நீளமாக ஒரு கோடு இருந்தது. அதன் மேல் எழுதினார்.

மகள்.

மூன்றே எழுத்து. கோடு மிச்சம் கிடந்தது.

ஸ்டாம்பை மையில் ஒற்றி, நேராக வைத்து, அழுத்தினார்.

சவரிமுத்து குனிந்து படிவத்தைப் பார்த்தான்.

"அப்ப புள்ள வராதே, மொதலாளி."

"வராது."

படிவத்தை மடித்து உறையில் போட்டார். ஒட்டினார். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் இரண்டு முறை நீவினார்.

"இதப் படிக்கும்ல," என்றார்.