ஸ்டாண்ட்பை கம்ப்ரஸர்

பீர் ஆலையின் குளிரூட்டும் அமைப்பை வடிவமைத்தவன் நான். காலையில் அங்கிருந்து ஷிஃப்ட் இன்ஜினியர் ஃபிரெடி அழைத்தான்.

“அண்ணா, கம்ப்ரஸர் நின்னுபோச்சு. டாங்க்ல பீரெல்லாம் சூடாகுது. உடனே வாங்க!”

“வர முடியாதுடா. வீட்லயும் கூலிங் சரியில்ல. சாயங்காலம் வரைக்கும் தாங்கணும்.”

“ஃப்ரிட்ஜுக்காகவா லீவு போட்டீங்க? தயிர் புளிச்சா புளிக்கட்டும்ணா!”

“அங்க ஸ்டாண்ட்பை கம்ப்ரஸர் இருக்குல்ல, அதை ஓட்டு. இங்க அது இல்ல.”

ஓட்டினான். சற்று நேரத்தில் சிரித்தான்.

“டெம்பரேச்சர் இறங்குதுண்ணா! பீர் பிழைச்சுது. புது ஃப்ரிட்ஜ் நான் வாங்கித் தரேன்னு அண்ணிகிட்ட சொல்லுங்க.”

“சொல்றேன்” என்று போனை வைத்தேன்.

வாடகை ஃப்ரீசர் பெட்டிக்குள் ஹம்ஸினியின் நெற்றிக் குங்குமம் கசியத் தொடங்கியிருந்தது. கடைசியாக முகம் பார்க்க வரும் அவள் அம்மாவின் விமானம் துபாயை விட்டு இன்னும் கிளம்பவில்லை.