ஒரே மட்டம்

ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன வீடு ஒன்றின் மொட்டை மாடியில் மூடியில்லாத இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் இருந்தன. மோட்டார் ஓடி மாதக்கணக்காகிவிட்டது. சின்னத் தொட்டியில் மட்டும் தண்ணீர் இருந்தது. இரண்டையும் அடியில் ஒரு குழாய் இணைத்தது. குழாயின் நடுவே ஒரு வால்வு.

“தம்பி, எனக்கும் கொஞ்சம் விடேன். ரெண்டு பேரும் ஒரே மட்டமா இருப்போம்” என்றது பெரிய தொட்டி.

சின்னது மனம் இளகி வால்விடம் திறக்கச் சொன்னது. தண்ணீர் ஓடி, இரண்டிலும் ஒரே உயரத்தில் நின்றது.

மறுநாள் மட்டம் ஒரு சாண் இறங்கியிருந்தது.

“தண்ணி எங்கேயோ போகுது. மூடிடட்டுமா?” என்றது வால்வு.

சின்னத் தொட்டி எட்டிப் பார்த்தது. அங்கேயும் அதே ஒரு சாண்தான் குறைவு.

“சும்மா கிட! அண்ணன் எடுத்துக்கிட்டா அவருக்கு ஏறியிருக்கணுமே? அவருக்கும்தானே இறங்குது?”

தினமும் அப்படியே எட்டிப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டது. ஐந்தாம் நாள் கடைசிச் சொட்டும் போனது. தண்ணீர் விடும் முன் எட்டிப் பார்க்காத பெரிய தொட்டியின் தரை அப்போதுதான் தெரிந்தது. அதில் ஒரு நீள விரிசல், உள்ளே பழைய பாசி.

“அண்ணே, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் தம்பி. தனியாக் காய்ஞ்சு கிடக்கப் பயமா இருந்துச்சு.”