யாருக்கும் தொந்தரவில்லாமல்

"வெளிநாட்டுக்காரர்தாங்க. ஆனா ஆள் இருக்கறதே தெரியாது, அவ்வளவு அமைதி… ஆமாங்க… புரியுதுங்க… ரொம்ப மன்னிக்கணும்."

வீட்டுத் தரகர் நிஷிவாகி தொலைபேசியைப் பார்த்து மூன்று முறை குனிந்து வணங்கிவிட்டு, ரிசீவரை வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த சர்தோருக்கு அந்தக் குனிதலிலேயே பதில் தெரிந்துவிட்டது. இது பதினோராவது வீடு.

"என்ன சொன்னாங்க?"

"யோசிச்சுச் சொல்றாங்களாம்."

"இல்லைங்கறதைத்தானே அப்படிச் சொல்றாங்க?"

நிஷிவாகி பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். "கொஞ்சம்… கஷ்டம்தான்."

சர்தோர் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டிலிருந்து ஜப்பானில் உள்ள அமகசாகிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இங்கே ஒரு லேத் பட்டறையில் வேலை. ரயிலில் அவன் போன் ஒலித்ததே இல்லை. குப்பையைத் தரம் பிரித்து, பாட்டில் மூடியைக்கூடத் தனியாகக் கழுவிப் போடுவான். இரவு எட்டுக்கு மேல் துணி துவைக்கும் இயந்திரத்தைத் தொட மாட்டான். வீட்டுக்குள் நடப்பதே குதிகால் படாமல்தான். இத்தனைக்கும் பிறகும், பெயரைக் கேட்டதுமே எல்லோருக்கும் யோசனை வந்துவிடுகிறது.

இப்போது இருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி மனைவி தில்னோஸா, மூன்று வயது மகளோடு முதல்முறையாக வந்து இறங்குகிறாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு, சர்தோர்," என்றார் நிஷிவாகி தயக்கத்தோடு. "வீட்டுக்காரம்மா ஆளை நேர்ல பார்த்துப் பேசித்தான் குடுப்பாங்க. இதுவரைக்கும் நாலு பேரை வேண்டாம்னுட்டாங்க. நாலு பேரும் நம்ம… மன்னிக்கணும், ஜப்பான்காரங்க."

"அவங்களுக்கே இல்லேன்னா எனக்கு எங்கேருந்து கிடைக்கும்?" என்றான். ஆனாலும் எழுந்து நிஷிவாகியோடு நடந்தான்.

கால்வாய் ஓரத்தில் பழைய மாடிக் கட்டடம். கீழே வரிசையாக மூன்று கதவுகள். முதல் வீட்டில் கட்டடத்தின் சொந்தக்காரி குனிமித்சு இருந்தாள். எழுபதைத் தாண்டிய, நிமிர்ந்து உட்காரும் பெண்மணி. பக்கத்து வீடுதான் காலி. பார்லி டீயை ஊற்றி வைத்துவிட்டு, ஒப்பந்தத் தாளையும் பேனாவையும் முன்னால் எடுத்து வைத்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தாள்.

"குழந்தை இருக்காமே. ஓடுமா?"

"ஓட மாட்டாளுங்க. தடிமனா கம்பளம் விரிச்சிடுவேன். சத்தமே வராது."

"அக்கம்பக்கத்துல யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு பார்ப்பீங்களா?"

"சேச்சே. அடுத்தவங்க விஷயம் எனக்கு எதுக்குங்க?"

நிஷிவாகி மெச்சும்படி தலையாட்டினார். அவளோ டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது வேணும்னா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவீங்களா?"

"ஐயோ, ஒருநாளும் மாட்டேன். நான் இருக்கறதே உங்களுக்குத் தெரியாது."

குனிமித்சு பேனாவை மூடினாள். "யோசிச்சுச் சொல்றேன்."

ஆக, பன்னிரண்டு. சர்தோருக்குக் கோபம்கூட வரவில்லை. காலையிலிருந்து மூட்டை தூக்கியவனைப் போல உடம்பு தளர்ந்தது. குரல் மட்டும் தானாக வந்தது.

"யோசிக்க வேணாம்மா. இல்லைன்னே சொல்லிடுங்க, பரவாயில்லை. நான் சொன்னதெல்லாம் பொய். என் மக ஓடுவா, கத்துவா. என் வீட்டுக்காரி வெங்காயம் தீர்ந்துபோனா, நீங்க தூங்கினாலும் கதவைத் தட்டுவா. எங்க பக்கம் அடுப்புல புலாவ் வெச்சா, பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு போகாம நாங்க கை நனைக்க மாட்டோம். கதவு திறக்கலேன்னா சும்மா விடுவோமா? ஜன்னல்ல எட்டிப் பார்ப்போம். 'உடம்புக்கு என்ன, யார்கூட சண்டை, ஏன் சாப்பிடலை'ன்னு குடைஞ்சு எடுப்போம். மூக்கை நுழைக்கறதுதான் எங்க பிழைப்பு. ஆறு வருஷமா அதையெல்லாம் அடக்கி அடக்கி அலுத்துப்போச்சும்மா. இப்ப அந்தக் குழந்தைக்கும் பூனை மாதிரி நடக்கச் சொல்லிக்குடுக்கணும். நினைச்சாலே சோர்வா இருக்கு."

நிஷிவாகி நெற்றி தரைப் பாயில் படும்படி குனிந்துவிட்டார். "மன்னிக்கணும்! அவருக்கு வேலைக் களைப்பு, ஏதோ உளறிட்டார், ரொம்ப ரொம்ப மன்னிக்கணும்!"

சர்தோரும் ஒருமுறை குனிந்துவிட்டு வாசலுக்குப் போனான். ஒரு காலில் ஷூவை மாட்டியிருப்பான், பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஐந்தாம் தேதி குடும்பம் வருதாமே? அதுக்குள்ள தரைப் பாயெல்லாம் புதுசா மாத்திக் குடுத்திடறேன். வந்து கையெழுத்துப் போடுங்க."

ஒப்பந்தத் தாளில், கையெழுத்துக்குப் பதிலாக அவள் குத்திய முத்திரை சிவப்பாக, ஈரத்தோடு இருந்தது.

நிஷிவாகி தாளை எட்டிப் பார்த்தார். "அம்மா… அவர் சொன்னதை நீங்க… சரியாக் கேட்டீங்களா?"

"கேட்டேன். இதைச் சொல்ற ஒரு ஆளைத்தான் தேடிட்டிருந்தேன்," என்றாள் குனிமித்சு. "அந்த வீட்ல இருந்தது என் தம்பி. போன ஜனவரியில செத்துப்போய்ப் பன்னிரண்டு நாள் அப்படியே கிடந்தான். கதவைத் தட்டினா அவனுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு, இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் சத்தமில்லாம டீ குடிச்சிட்டிருந்தேன்."